இளைத்தால் கவலையா? பெருத்தால் களிப்பா?

நம் ஊர்ப்பக்கத்தில் ஒருவரை நெடுநாள் கழித்துக் காண்பவர் முதலில் உடம்பைத்தான் பார்ப்பார். முகம் அதற்குப் பிறகுதான். "என்ன, இப்படி எளச்சுப் போயிட்டே?" என்பது ஒரு விசாரிப்பு. "பரவாயில்லை, நல்லாத் தேறியிருக்கே" என்பது ஒரு பாராட்டு. இளைத்தவனுக்கு ஏதோ கவலை. தேறியவனுக்கு நல்ல காலம். இப்படி உடலின் எடையைக் கொண்டு உள்ளத்தின் நிலையை அளந்துவிடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நம் மொழியிலேயே அது ஊறிக் கிடக்கிறது.

நம் பழைய அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். தலைவன் பிரிந்துவிட்டான் என்றால் தலைவி வாய்விட்டு அழ வேண்டியதில்லை. அவள் தோள் மெலியும். நெற்றியில் பசலை படரும். கைவளை கழன்று விழும். ஊரார் அதைப் பார்த்தே அவள் துயரத்தை அறிந்துகொள்வர். திருவள்ளுவரும் காமத்துப்பாலில் ‘உறுப்புநலன் அழிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். அது நூலின் 124-ஆவது அதிகாரம். எடை பார்க்கும் பொறி இல்லாத அந்நாளில் கைவளையே தராசாக இருந்தது போலும்!

இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியதற்கு நம் நாட்டின் பசியும் ஒரு காரணம் ஆகும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் பேர் வைத்துச் சொன்னார்கள். எலும்பும் தோலுமாய் மக்கள் மடிந்த மண்ணில், ஒருவன் உடம்பில் சதை இருந்தால் அவன் வீட்டுக் குதிரில் நெல் இருக்கிறது என்று பொருள். வயிறு நிறைந்தவன் மனமும் நிறைந்தவன் என்று கருதியது இயல்புதானே!

ஆனால் காலம் மாறிவிட்டது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். ஆண்களில் இது 37 விழுக்காடு. 2015-16-இல் எடுத்த கணக்கில் பெண்களின் பங்கு 30.9 விழுக்காடுதான். அதே நேரத்தில் பெண்களில் 12.6 விழுக்காட்டினர் இருக்க வேண்டிய எடைகூட இல்லாதவர்கள். ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டில், இருவகையினரும் இருக்கிறார்கள். எங்கள் வீடு அப்படிப்பட்ட ஒரு வீடு. ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

என் தந்தையார் குழித்தறியில் நெய்பவர். அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, சத்துணவுக் கூடத்தில் சமையலர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம். ஆனால் பார்ப்பவர் நம்பமாட்டார்கள். அப்பா ஒற்றை நாடி. அத்தையோ நல்ல கனத்த உடம்பு. அப்பாவைப் பார்ப்பவரெல்லாம் "ரெண்டும் பொட்டப் புள்ளைங்க, கவலை இருக்காதா பின்னே?" என்று எங்களையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அத்தையைப் பார்த்தால் "உனக்கென்னக்கா, சிரிச்ச முகம்! கவலையில்லாத ஒடம்பு!" என்பார்கள்.

உண்மை என்ன? அப்பா கவலையே இல்லாதவர். தறியில் உட்கார்ந்தால் மிதியை மிதித்துக்கொண்டே பழைய திரைப்படப் பாடல்களைப் பாடுவார். ஒரு முறை சேலம் சந்திப்பில், வண்ண விளக்குகள் மின்னும் எடை பார்க்கும் பொறியில் ஏறி, காசு போட்டு, சீட்டு வாங்கினாராம். அந்த நாளில் அந்தச் சீட்டின் ஒரு பக்கம் எடை இருக்கும். மறு பக்கம் பலன் இருக்கும். எடையையும் எதிர்காலத்தையும் ஒரே அட்டையில் அச்சிட்டுத் தந்த அந்தப் பொறியை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. நாம் செய்வதை அது முன்பே செய்துவிட்டது! அப்பாவின் சீட்டில் 52 கிலோ என்று இருந்தது. பலன் நல்ல பலன்தான். அதை இன்றும் தம் பெட்டியில் வைத்திருக்கிறார்.

அத்தையிடம் ஒரு நாள், "எப்படியத்தை எந்நேரமும் சிரிக்கிறீங்க?" என்று கேட்டேன். "அட போ கண்ணு! சிரிப்பை என்ன கடையில நிறுத்தா விக்கறாங்க?" என்று முதலில் விளையாட்டாகச் சொன்னார். பிறகு அரிசி புடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "உங்க மாமா போனப்ப எனக்கு இருபத்தொம்பது வயசு. எத்தனையோ ராத்திரி அழுதிருக்கேன். அழுதா ஒடம்பு எளைக்கும்பாங்க, எனக்கு எளைக்கல. அதனால நான் அழுவவே இல்லைன்னு ஊரு நெனச்சுக்கிச்சு."

இந்தச் சொற்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மெலிந்தவர்க்கு இல்லாத கவலையை ஊரார் கொடுத்தார்கள். பருத்தவர்க்கு இருந்த துயரத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆறுதல் வேண்டியவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. வேண்டாதவருக்கோ வீடு தேடி வந்தது!

‘பருத்தவர் களிப்புடையவர்’ என்னும் எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. 1976-இல் இங்கிலாந்தின் மருத்துவ இதழ் ஒன்றில் கிரிஸ்ப், மக்கின்னஸ் என்னும் இருவர் இதே பொருளில் ஒரு கட்டுரை எழுதினர். நடுவயதுடைய பருமனான ஆடவரிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருப்பதாக அவர்கள் கண்டனர். ஆனால் பிற்காலத்தில் படம் மாறியது. 2010-இல் லுப்பினோ என்பவரும் அவர்தம் குழுவினரும், ஏறத்தாழ 58,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். பருமன் உடையவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 விழுக்காடு கூடுதல். மனச்சோர்வு உடையவர்களுக்குப் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு கூடுதல் என்று அவர்கள் கண்டனர். இது ஒருவழிப் பாதை அன்று. உடல் உள்ளத்தைத் தள்ளுகிறது, உள்ளம் உடலைத் தள்ளுகிறது. சிலர் துயரத்தில் உணவை மறப்பர். சிலர் துயரத்தை மறக்க உண்பர். வளை கழல்வது ஒன்றே துன்பத்தின் அடையாளம் என்றால், வளை இறுகிப்போன கைகளின் துன்பத்தை யார் காண்பது?

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று அவளிடமே கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆயத்த ஆடை தைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். உயரம் 155 சென்டிமீட்டர். எடை 58 கிலோவாக இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளைப் பெண் பார்க்க ஒரு வீட்டார் வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள்; காப்பி குடித்தார்கள்; சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் தரகர் வந்து, "பொண்ணு கொஞ்சம் பருமனா இருக்குதுன்னு நெனைக்கறாங்க" என்றார். அன்றிரவு முதல் அக்கா சோற்றைத் தொடவில்லை. காலையில் வெந்நீரில் எலுமிச்சம்பழமும் தேனும்; பகலில் இரண்டு இட்லி; இரவில் ஒன்றுமில்லை. நான்கு மாதத்தில் 52 கிலோவுக்கு இறங்கினாள்.

அக்காவின் எடை குறைந்ததை ஊரே பார்த்தது. அவளிடம் வேறு எது எது குறைந்தது என்பதை நாங்கள் பார்த்தோம். முன்பெல்லாம் தைக்கும் இடத்தில் நடந்ததை ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டுவாள், அது நின்றது. சிறு சொல்லுக்கும் சீறினாள். தான் உண்ணாவிட்டாலும், நாங்கள் உண்ணும்போது எங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துவிட்டு, இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருக்கிறது என்றார்கள். அங்கிருந்த அம்மையார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை யாரம்மா பருமன்னு சொன்னது?" என்று கேட்டார். அக்கா அப்போதுதான் அழுதாள்.

யார் சொன்னது? இதுவே என்னை நூலகத்துக்கு இழுத்துச் சென்ற கேள்வி.

எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் கிடைப்பது உடல்நிறை எண். பெல்ஜிய நாட்டு அறிஞர் அடோல்ஃப் கெட்லே 1830-களில் கண்ட விகிதம் அது. அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் கற்றவர். ஒரு மக்கட் கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறியவே அதைப் பயன்படுத்தினார். தனி ஒருவர் உடல்நலத்தை எடைபோட அவர் அதை ஆக்கவில்லை. 1972-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் என்பவர்தாம் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்.

அக்காவின் முதல் எடையை வைத்துக் கணக்குப் போட்டேன். 24.1 வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுப்படி 18.5-க்கும் 25-க்கும் இடைப்பட்டது இயல்பு. ஆகவே அக்கா இயல்பானவள். இந்தியர்களுக்கென 2009-இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வகுத்த அளவுப்படி 23-க்கு மேல் மிகை எடை. ஆகவே அக்கா மிகை எடை உடையவள். தரகர் வாயில் அவள் பருமன். எங்கள் பாட்டியின் கண்ணுக்கு அவள் எந்நாளும் "எளச்ச புள்ள"! ஒரே உடம்பு, நான்கு தீர்ப்பு. எந்தத் தீர்ப்பிலும் அவளை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

அந்த ஆன்செல் கீஸைப் பற்றி இன்னொன்றும் படித்தேன். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினியால் வாடும் மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு சோதனை நடத்தினார். போர் செய்ய மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 1945-இல் 24 வாரங்கள் அவர்களுக்கு அரை வயிற்று உணவே தரப்பட்டது. எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தார்கள். உடலோடு உள்ளமும் வாடியது. சிரிப்பை மறந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பரை விட்டு ஒதுங்கினார்கள், எந்நேரமும் சோற்றையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைத் திரட்டி வைத்துப் படித்தார்கள். அவர்கள் நல்ல உடலும் நல்ல உள்ளமும் உடையவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதை நினைவிற்கொள்க. கீஸும் அவர் தோழர்களும் இவற்றையெல்லாம் 1950-இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

படிக்கப் படிக்க என் அக்காவின் முகமே கண்முன் நின்றது. அவள் சீறியது குணக்கேடு அன்று, பசி. எங்கள் தட்டைப் பார்த்தது பொறாமை அன்று, பசி. எடைக்கு ஒரு பெயர் சூட்டிய அதே மனிதர்தாம், எடை குறையக் குறைய மனிதன் என்ன ஆகிறான் என்பதையும் எழுதி வைத்தார். முதலாவதை உலகம் பிடித்துக்கொண்டது, இரண்டாவதை மறந்துவிட்டது.

ஊர் மாறினால் உடம்பைப் பார்க்கும் கண்ணும் மாறும் என்பதற்குப் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜித் தீவு ஒரு சான்று. அங்கும் நம்மைப் போலவே நல்ல கட்டுடலையே மக்கள் விரும்பினார்கள். ஒருவர் மெலிந்தால் சுற்றத்தார் கவலைப்பட்டார்கள். 1995-இல் ஒரு வட்டாரத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் ஆய்வாளர் அவ்வாண்டு அங்குள்ள பள்ளி மாணவியரிடம் கேட்டபோது, எடை குறைவதற்காக உண்டதை வாந்தி எடுப்பவர் ஒருவரும் இல்லை. 1998-இல் மீண்டும் கேட்டபோது நூற்றுக்குப் பதினொருவர் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். தாம் மிகவும் பருத்திருப்பதாக உணர்கிறோம் என்றவர்களோ நாலில் மூன்று பங்கினர்! மூன்றாண்டில் அந்தப் பெண்களின் உடம்பா மாறிவிட்டது? பார்க்கும் கண்ணாடிதான் மாறியது.

இங்கே ஒரு கேள்வி எழும். ‘அப்படியானால் எடையைப் பார்க்கவே வேண்டாமா? அவரவர் உடம்பை அவரவர் நலமென்று நினைத்துக்கொண்டால் போதுமா?’ போதாது என்பதற்கும் எங்கள் வீடே சாட்சி.

‘உங்கள் உடல்நலம் எப்படி?’ என்னும் ஒற்றைக் கேள்விக்கு ஒருவர் சொல்லும் விடைக்கு மிகுந்த ஆற்றல் உண்டென்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். எலன் ஐட்லர், யேல் பெனியமினி என்னும் இருவர் 1997-இல் 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தம் நலம் மோசம் என்று சொன்னவர்கள், நன்று என்று சொன்னவர்களைவிட முன்னதாக இறந்தமை பெரும்பாலானவற்றில் காணப்பட்டது. தெரிந்த நோய்களைக் கணக்கில் கொண்டு பார்த்த பின்னரும் அந்த வேறுபாடு நீங்கவில்லை. தம் உடம்பைப் பற்றித் தாம் கொண்ட எண்ணம் வெறும் எண்ணம் அன்று என்பது இதனால் தெரிகிறது.

ஆயினும் அது முழு உண்மையும் அன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் பெண் ஒருவர் ஒரு நாள் எங்கள் தெருவுக்கு வந்தார். அத்தை முதலில் கையை நீட்டினார். அழுத்தம் கூடுதல், சர்க்கரை இல்லை. அப்பா, "எனக்கெதுக்கம்மா? நான் கல்லாட்டம் இருக்கேன்" என்று சிரித்தார். அத்தை விடவில்லை. பார்த்தால் சர்க்கரை 280! அப்பாவின் உடல்நிறை எண் 19 என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மெலிந்தவருக்கு எப்படிச் சர்க்கரை வந்தது? புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் 2004-இல் தம் இருவர் படத்தையே வெளியிட்டு இதை விளக்கினார்கள். இருவருக்கும் உடல்நிறை எண் 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2 விழுக்காடு. இந்தியர் பலர் வெளியே மெலிந்தும் உள்ளே கொழுத்தும் இருக்கக்கூடும் என்பதை அந்த ஒரு படம் உலகுக்குக் காட்டியது. எடைப் பொறிக்குத் தெரியாதது அது. ஊராரின் கண்ணுக்கும் தெரியாதது. அப்பாவின் பாட்டுக்கும் தெரியாதது. ஒரு சொட்டு இரத்தத்துக்குத்தான் தெரிந்தது.

ஆக, நான் கண்டது இதுதான். உடம்பைப் பார்த்து உள்ளத்தைச் சொல்ல இயலாது. அத்தையைப் பார்த்து இதை அறிந்தேன். பிறர் சொல்லுக்காக உடம்பை வாட்டினால் உள்ளமும் சேர்ந்து வாடும். இதை அக்காவிடம் கண்டேன். உள்ளம் களித்திருப்பதாலேயே உடம்பு நலமாக இருக்கிறது என்றும் கொள்ள முடியாது; இதை அப்பா கற்பித்தார். அளவு வேண்டும், ஆனால் அது நோயை அறிய வேண்டும், ஆளை மதிப்பிட அன்று. ஒரு மருத்துவ முகாமில் எங்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருத்தியின் எடையையும் உரக்கக் கூவி எழுதினார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த முகாமுக்கு என் தோழியர் பலர் வரவில்லை. எண்ணைச் சொன்னது தவறன்று. அதை ஊருக்குச் சொன்னதால் அல்லவா, அறிய வேண்டியவர்கள் அறியாமலே போனார்கள்!

எங்கள் கல்லூரிக்கு முதல் பேருந்தைப் பிடித்து வரும் மாணவியர் எத்தனையோ பேர். காலையில் உண்ணாமல் வந்து, இரண்டாம் பாடவேளையில் தலைசுற்றி மேசையில் சாய்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டில் இல்லாததால் உண்ணாதவர் சிலர்; நேரம் இல்லாததால் உண்ணாதவர் சிலர்; மெலிய வேண்டும் என்று உண்ணாதவர் சிலர். மூவரையும் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

அக்காவுக்கு இன்னும் மணம் முடியவில்லை. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையும் கீரையுமாக அவள் இரத்தம் 11 கிராமுக்கு ஏறிவிட்டது. இரவில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எடை 55 கிலோ என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் நாங்கள் அவளைக் கேட்பதில்லை. அப்பா மாத்திரை போடுகிறார். மாலையில் அத்தையோடு ஏரிக்கரையில் நடக்கிறார். அத்தைக்கு முட்டி வலி. ஆகவே இருவரும் மெல்லத்தான் நடக்கிறார்கள்.

அன்புத் தோழர்களே, தோழியரே! நம் தமிழில் மிக எளிய விசாரிப்பு ஒன்று உண்டு: "சாப்பிட்டாயா?" எடையைக் கேட்காமல், அழகைக் கேட்காமல், அந்த வேளையின் பசியை மட்டும் கேட்கும் சொல் அது. நெடுநாள் கழித்து ஒருவரைக் காணும்போது "இளைத்துவிட்டாயே" என்பதையும் "பருத்துவிட்டாயே" என்பதையும் நாவிலேயே நிறுத்திவிட்டு, இதைக் கேட்போம். அவர் விடை சொல்லும் வரையில் சற்றே காத்தும் இருப்போம்.